மைன்ஸ் வெடியில வீடு அதிருதா? அந்த 5 மில்லிமீட்டர் கணக்கு என்னன்னு பாத்துடுவோம்

நெய்வேலி பக்கம் போய் தங்கினவங்களுக்கு தெரியும், வெடி போட்டா ஷெல்ஃப்ல இருக்க எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கிணுகிணுன்னு ஆடும். பழுப்பு நிலக்கரிக்கு மேல கிடக்கற கடலூர் மணற்பாறை அவ்ளோ கெட்டி, வெடி வச்சு தளர்த்தினாதான் மெஷின் பல்லே இறங்கும்.

சரி, எவ்ளோ அதிரலாம்? சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், அதான் டிஜிஎம்எஸ், 1997ல ஒரு சர்க்குலர் போட்டுச்சு. சுரங்கத்துக்கு சொந்தமில்லாத வீடுன்னா, அஸ்திவாரத்துகிட்ட அதிர்வு வேகம் செகண்டுக்கு 5 மில்லிமீட்டர தாண்டக்கூடாது, இது 8 ஹெர்ட்ஸுக்கு கீழ இருந்தா (ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு எத்தன தடவ ஆடுதுங்கற கணக்கு). 8லேர்ந்து 25 ஹெர்ட்ஸ் வரைக்கும் 10 மில்லிமீட்டர், அதுக்கு மேல 15. மெதுவா ஆடற அதிர்வுதான் வீட்டையும் சேத்து ஆட்டும், அதனாலதான் அதுக்கு டைட்டான லிமிட்டு. சுரங்கத்தோட சொந்த வீட்டுக்கு 10, 15, 25ன்னு விட்டுக்கொடுத்திருக்காங்க, அதனால குவார்ட்டர்ஸ் கணக்க காட்டி ஊர் வீட்டுக்கு ஓகேன்னா ஒத்துக்காதீங்க. ஆனா ஒண்ணு, இது லிமிட்டு மட்டும்தான், நஷ்டஈடு எவ்ளோன்னு இதுல இல்ல.

அதிர்வு ரீடிங் வேணும்னா ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, பீஸ் 10 ரூபா, 30 நாள்ல பதில் வரணும். "அதிர்வு எவ்ளோ"ன்னு மொட்டையா கேக்காம, இந்த தேதி வெடிக்கு மீட்டர எங்க வச்சீங்க, அதிர்வு வேகம் என்ன, ஹெர்ட்ஸ் எத்தன, ஒரே நேரத்துல வெடிச்ச மருந்து எத்தன கிலோன்னு கேளுங்க. வெடி வைக்கற குழிகள ஒரே அடியா வெடிக்காம மில்லிசெகண்ட் கேப்பு விட்டு வெடிச்சா அதிர்வு நல்லாவே குறையும், அதனால அந்த கிலோ கணக்குதான் முக்கியம்.

எல்லா விரிசலுக்கும் வெடிதான் காரணம்னு கிளம்பாதீங்க. களிமண்ணு தரை கோடையில சுருங்கினாலும் சுவரு பிளக்கும், கடலோரமா இருந்தா கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட்டே பேந்து விழும். விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க, ஸ்கேலு வச்சு போட்டோ எடுங்க. அடுத்த வெடிக்கு அப்புறம் கோட்ட தாண்டியிருக்கான்னு பாருங்க.

கான்கிரீட் தூணு லேசுல போகாது, தூணும் செங்கல்லும் சேர்ற இடத்துல பூச்சுதான் மொதல்ல நேர்கோடா விடும். அங்க பழைய பூச்ச கொத்திட்டு, ரெண்டு பக்கமும் ஏறற மாதிரி கோழி வலை அடிச்சு திரும்ப பூசினா தாங்கும், ஆனா போட்டோ எடுத்துட்டு அப்புறமா மேஸ்திரிய கூப்பிடுங்க.