மிதவை அன்று, அலையுயிரி

அண்மையில் ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரல், 'ஆற்றின் மேற்பரப்பில் மிதக்கும் மிதவை உயிரிகள்' என்றது. அந்நேரம் திரையில் ஓடியது ஆகாயத்தாமரைக் கூட்டம். பிளாங்டன் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் 'மிதவை உயிரி' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்; அது நீரின் போக்கில் அலையும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் பெயர். அந்தப் பிளாங்டனுக்கு ஆகாயத்தாமரை! படம் ஒட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த சொல்லுக்குப் பொருத்தமான காட்சியைத்தான் அவர் தேடிப் பிடித்திருக்கிறார்.

பிளாங்டன் என்ற பெயரை 1887இல் இட்டவர் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன். கிரேக்க மூலத்துக்கு அலைந்து திரிவது என்று பொருள். மிதப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல வலுவின்றி அதன் போக்கிலேயே போகும் உயிர்கள் எல்லாம் இதில் அடங்கும்.

மிதவை என்றால் தெப்பம், வலையின் மேல்விளிம்பில் கட்டும் தக்கை. அதாவது, தானாகவே மேலே நிற்கும் பொருள். (பழைய இலக்கியத்தில் கூழுக்கும் இதே பெயர் உண்டு, அது வேறு கதை.) பேராறுகளின் பிளாங்டனில் பெரும்பாலும் முன்னிற்பது டயாட்டம் என்ற நுண்பாசி. அதற்குச் சிலிக்கா ஓடு, நீரைவிடக் கனம். அசையாத நீரில் விட்டால் மெல்ல அடியில் போய்ப் படிந்துவிடும். ஆற்றில் அது மூழ்காமல் இருப்பதற்குக் காரணம் நீரின் சுழிப்பும் கலக்கமும்தான். ஓட்டம் தளர்ந்தால் டயாட்டம் படியத் தொடங்கும். நீலப்பச்சைப் பாசிகளில் சில, உடலுக்குள் வளிக்குமிழ் வைத்துக்கொண்டு உண்மையாகவே மிதக்கின்றன, மறுக்கவில்லை. அந்தச் சிலவற்றுக்காக, மூழ்குவதற்கும் நீந்துவதற்கும் சேர்த்து 'மிதவை' என்று முத்திரை குத்துவது என்ன நியாயம்?

ஆற்றுச் சூழலியலில் இந்தப் பிழை இன்னும் கெடுதல் செய்கிறது. அங்கே கேள்வியே அலைச்சலைப் பற்றியது. நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் நீர் ஒரு நாளில் 86 கிலோமீட்டர் போய்விடும். டயாட்டம் ஓரிரு நாளில் இரட்டிக்கும்; ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குக்குச் சில நாட்கள் போதும்; கோப்பிபாட் என்ற, இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிருக்கு வாரங்கள் வேண்டும். பெருகுவதற்குள் கடலுக்குப் போய்விடாமல் இருப்பதே பிழைப்பு. அதனால்தான் ஆறுகளில் ரோட்டிஃபர் மலிந்து, கோப்பிபாட் அருகிக் காணப்படுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில் 1894 முதல் 1899 வரை எடுத்த பிளாங்டனை ஆராய்ந்த விலங்கியலாளர் சார்லஸ் கோஃபாய்டு, நீரின் வயதை, அதாவது அது எவ்வளவு காலம் தங்கியிருக்கிறது என்பதைக் கவனித்தார். புதுப்புனலில் பிளாங்டன் சொற்பம். ஒதுங்கித் தேங்கிய பழநீரில் ஏராளம். பக்கத்து ஏரிகளும் கரையோரத் தேக்கங்களுமே ஆற்றுக்கு விதை தருகின்றன. 'மிதவை' என்று தொடங்கியவருக்கு இந்தக் கேள்வி எழவே வழியில்லை. தெப்பத்துக்கு ஏது வயதும் பெருக்கமும்?

எனக்கு உகந்தது அலையுயிரி. தாவர வகை அலைதாவரம், விலங்கு வகை அலைவிலங்கு, ஆற்றில் இருப்பது ஆற்று அலையுயிரி. 'அலை என்றால் கடலலை என்று நினைத்துவிடுவார்களே' என்பார்கள். அலைகுடி என்ற சொல்லைப் படித்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடியவர் எவருமில்லை. 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்ற புறநானூற்று வரியை நம்பி 'நீர்வழி உயிரி' என்று வைக்க எனக்கும் ஆசைதான். பேர்யாற்றின் போக்கிலேயே போகும் புணையை, அதாவது தெப்பத்தைத்தான் அந்தப் பாட்டும் சொல்கிறது. ஆனால் நீர்வழிப் பரவும் காலராவும் டைபாய்டும் அந்தச் சொல்லை எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டன.

மொழிபெயர்ப்பாளர்களின் சிக்கல் வேறு. அகராதியில் இரண்டு பொருள் இருந்தால் முதலாவதை எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். அந்த உயிர் என்ன செய்கிறது என்று ஒரு பத்தி படிப்பதில்லை. பிறகு 'மிதக்கும் மிதவை', 'மிதவை உயிரிகள் அடியில் படிகின்றன' என்றெல்லாம் கூசாமல் எழுத வேண்டியிருக்கிறது. பிளாங்டன் என்றே எழுதிவிட்டுப் போகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. அந்தச் சொல் வாசகருக்கு எதுவும் சொல்லாது. ஆனால் பொய்யும் சொல்லாது.