வெளிநாட்டுத் தம்பியின் கையெழுத்து ஃபேக்ஸில் வந்தால் பத்திரம் பதிவாகுமா?

நாங்குநேரிப் பக்கம் ஒரு எஸ்டிடி பூத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தேன். செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வராத நேரம். ஒருநாள் காலையிலேயே ஒரு அண்ணாச்சி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துபாயில் இருக்கும் தம்பி, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்புகிறானாம். இரண்டு மணி நேரம் கழித்து மெஷின் கிர்ரென்று சத்தம் போட்டு, சுருண்ட தாளாகப் பத்திரத்தைத் துப்பியது. அண்ணாச்சி அதை உள்ளங்கையால் நீவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனார். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

“தாள் வேண்டாமாம் தம்பி, ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ.”

இப்போது ஃபேக்ஸ் இருந்த இடத்தில் வாட்ஸ்அப் பிடிஎஃப் வந்திருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. ஏர்வாடி, களக்காடு, மேலப்பாளையம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பாதிப் பேர் மும்பையில். சொத்து இங்கே, பங்காளி அங்கே. அதனால் இதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடலாம்.

ஃபேக்ஸ், ஸ்கேன், மின்னஞ்சல் எதில் வந்தாலும் அந்த நகலை வைத்துப் பத்திரம் பதிய முடியாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கேட்பது இரண்டு. மை பட்ட அசல் பத்திரம் ஒன்று. அதை நேரில் கொண்டுவந்து தாக்கல் செய்யும் ஆள் இன்னொன்று. எழுதிக் கொடுப்பவரோ, எழுதி வாங்குபவரோ, முறையான பவர் (தனக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம்) உள்ள முகவரோதான் தாக்கல் செய்யலாம் என்கிறது 32ஆம் பிரிவு. அப்புறம் எழுதிக் கொடுத்தவர் சார்பதிவாளர் முன்னால் நின்று “ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். புகைப்படம், விரல்ரேகை எல்லாம் அங்கேயே எடுப்பார்கள். சார்பதிவாளர் பார்ப்பது அந்த ஒப்புதலைத்தான். ஃபேக்ஸ் தாளில் அது எங்கே இருக்கிறது?

இணையம் வந்த பிறகு இதில் ஒரு புதுக் குழப்பம். தமிழகப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பத்திர விவரங்களை உள்ளிட்டு, கட்டணம் கட்டி, டோக்கன் எடுக்கிறோம். எல்லாம் கணினியிலேயே முடிந்ததால் பத்திரமே பதிவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவரை நடந்தது வரிசையில் இடம் பிடித்ததுதான். டோக்கன் நாளில் ஆள் போனால்தான் பதிவு. வில்லங்கச் சான்றும் பழைய பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வேறு கதை. அவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் மனு போட்டு வாங்கலாம்.

சரி, தம்பி துபாயில் இருக்கிறான், என்ன செய்வது? ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் பெயரில் 40 செண்ட் புஞ்சை. பிள்ளைகள் நான்கு பேர்: ஊரில் இருக்கும் மூத்தவர், இரண்டு தங்கைகள், துபாயில் கடைசித் தம்பி. அம்மாவும் இல்லை. மற்ற மூன்று பேரும் தங்கள் பங்கை மூத்தவருக்கே விட்டுக்கொடுக்கிறார்கள். இதற்கு எழுதுவது விடுதலைப் பத்திரம்.

முதலில் தம்பியிடம் கேட்க வேண்டியது, “லீவு எப்போ?” என்பதுதான். பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்யலாம் என்கிறது 23ஆம் பிரிவு. எல்லாரும் ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. தங்கைகள் இன்றைக்கு வந்து ஒப்புக்கொண்டு போகலாம். தம்பி உரிய காலத்துக்குள் வந்து தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளலாம். அதுவரை பத்திரம் நிலுவையில் நிற்கும். வெவ்வேறு நாளில் கையெழுத்துப் போட்டால் அவரவர் போட்ட நாளிலிருந்துதான் அவரவருக்கு நான்கு மாதம். நான்கு மாதம் தாண்டினாலும் அடியோடு போய்விடாது. தவிர்க்க முடியாத காரணத்தைக் காட்டினால் மாவட்டப் பதிவாளர் இன்னும் நான்கு மாதம் வரை அனுமதிக்கலாம். ஆனால் பதிவுக் கட்டணத்தைப்போலப் பத்து மடங்கு வரை அபராதம் விழலாம்.

மூன்று நான்கு மாதத்தில் தம்பி லீவில் வருகிறான் என்றால், என்னைக் கேட்டால், காத்திருப்பதே நல்லது. பவர் வேலையில் ஓடும் நாள்களை எண்ணிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆளே வந்து கையெழுத்துப் போட்ட பத்திரத்தைப் பிற்காலத்தில் யாரும் கிளறவும் மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு லீவே இல்லை என்றால் பவர்தான் வழி. வெளிநாட்டில் இருப்பவர் எழுதும் பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை 33ஆம் பிரிவு சொல்கிறது. அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி போன்ற ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாகி, அவர் அதை உறுதிசெய்திருக்க வேண்டும். சட்டப்படி நோட்டரி போதும். இருந்தாலும் தூதரக முத்திரை இருந்தால் இங்கே கேள்வி குறைவு. துபாயில் இருப்பவருக்கு அங்கேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அபுதாபிவரை போக வேண்டியதில்லை.

பவரில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். “என் சொத்து சம்பந்தமான எல்லாக் காரியங்களையும் பார்த்துக்கொள்ள” என்று பொத்தாம்பொதுவாக எழுதி அனுப்பினால் இங்கே வந்து மாட்டிக்கொள்ளும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை செண்ட், நான்கு எல்லை என்று சொத்து விவரம் இருக்க வேண்டும். விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் தாக்கல் செய்ய, ஒப்புக்கொள்ள என்று மூன்று அதிகாரமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் இனிஷியல் முதற்கொண்டு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் இருப்பது சாதாரணம்.

இன்னொன்று: விட்டுக்கொடுக்கும் பங்கை வாங்கிக்கொள்ளும் மூத்தவரே தம்பியின் முகவராகவும் இருந்தால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பதாகிவிடும். தங்கைகளில் ஒருவரையோ தாய்மாமாவையோ முகவராகப் போடுவது உத்தமம்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் உண்மையிலேயே உதவும். இங்கே பத்திர எழுத்தர் தயாரிக்கும் வரைவை அனுப்பி, தம்பி நிதானமாக வாசித்துத் திருத்தம் சொல்லலாம். வாசிப்பதற்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் பறக்கட்டும். கையெழுத்தான பவர் மட்டும் அசலாகக் கூரியரில் வர வேண்டும்.

அசல் வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்கிறது முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. வந்த தேதிக்குச் சாட்சி அந்தக் கவர்தான். பத்திர எழுத்தர்கள் இந்த வேலையை ‘அட்ஜுடிகேஷன்’ என்பார்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும். உங்கள் ஊர் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி ஆகிய பதிவு மாவட்டங்களில் எதில் வருகிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தப்பான ஆபீசில் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

தம்பி பவருக்குப் பதிலாக விடுதலைப் பத்திரத்திலேயே துபாயில் கையெழுத்துப் போட்டு அசலை அனுப்பலாமா? அனுப்பலாம். வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரம் இந்தியா வந்த பிறகு நான்கு மாதத்துக்குள் தாக்கலானால் ஏற்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ள ஆள் வேண்டுமே. அதற்கு மறுபடியும் பவர். சுற்றி வந்து அதே இடத்தில்தான் நிற்போம்.

மும்பைக்காரர்களுக்கு விதி வேறு. தாராவியில் நோட்டரியிடம் முத்திரை வாங்கிக் கூரியரில் அனுப்பிவிட்டு “முடிஞ்சுது” என்று இருந்துவிடுகிறார்கள். இந்தியாவுக்குள் வசிப்பவர், பத்திரம் தாக்கல் செய்வதற்காகக் கொடுக்கும் பவரை, தான் குடியிருக்கும் எல்லையிலுள்ள சார்பதிவாளர் அல்லது பதிவாளர் முன் எழுதி உறுதிசெய்ய வேண்டும். நோட்டரி முத்திரை அதற்குப் போதாது. அங்கே மராத்தியில் எழுதினால் மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும்; இந்த வட்டாரத்தில் வழங்காத மொழியில் உள்ள பத்திரத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் சார்பதிவாளர் வாங்க மாட்டார். இரண்டு நாள் ரயிலேறி வந்து போவதே சுலபம் என்று சிலர் முடிவு செய்வது இதனால்தான்.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அதோடு முடிந்தது. அதனால்தான் பழைய பவரை வைத்துப் பதிய வந்தால், கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்று சமீபத்தில் வாங்கிய சான்றைக் கேட்கிறார்கள். வெறும் பவரை எழுதி வாங்கிக்கொண்டு சொத்தையே வாங்கிவிட்டதாக நினைப்பதும் தப்பு. பவர் மூலம் நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஊரிலேயே இருந்தும் வர முடியாதவர்களும் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் ஆச்சியை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பத்திர ஆபீஸ் வாசலில் காக்க வைப்பதை இன்னும் பார்க்கிறேன். பார்க்கவே பொறுக்காது. தேவையே இல்லை. உடல் நலிவால் வர முடியாதவர்களுக்கு 38ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. சிறையில் இருப்பவருக்கும் அப்படித்தான். சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார், அல்லது தனக்குப் பதிலாக விசாரிக்க ஆணையர் ஒருவரை அனுப்புவார். வீட்டுக்கு வந்து பதிவதற்கு 31ஆம் பிரிவும் இடம் தருகிறது. மருத்துவரின் சான்றோடு மனு கொடுத்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைக் கட்டினால் போதும்.

செலவுக்கு வருவோம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இந்த உச்சவரம்புகளை உயர்த்தினார்கள். அதற்கு முன் 25,000, 4,000 என்று இருந்தது. விட்டுக்கொடுக்கும் பங்கு 8 லட்சம் மதிப்பு என்றால் தீர்வை 8,000, கட்டணம் 8,000, மொத்தம் 16,000 ரூபாய். இதையே தெரியாமல் கிரயமாக எழுதினால் ஏழு சதவீதமும் இரண்டு சதவீதமுமாக 72,000 ஆகிவிடும். கிரயம்தான் எழுத வேண்டியிருக்கிறது, மதிப்பும் 10 லட்சத்துக்குள் என்றால், பெண் பெயரில் வாங்குங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

ஃபேக்ஸை நம்புகிற இன்னொரு கூட்டமும் உண்டு. “எனக்குத் தெரியாமல் அண்ணன் சொத்தைப் பதியப் பார்க்கிறான், நிறுத்துங்கள்” என்று அனுப்புகிறவர்கள். அந்தக் காலத்தில் இதற்குத் தந்தி. “ஆபீசருக்குத் தந்தி கொடுத்துட்டேன்” என்பதில் ஒரு மிடுக்கே இருக்கும். தந்திச் சேவை 2013 ஜூலை 15இல் நின்றுபோனது. பதிவுத் தபாலும் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. எதில் அனுப்பினாலும், சொத்து யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளர் வேலை இல்லை. ஆட்சேபனை மனுவோடு மூலப் பத்திரம், வாரிசுச் சான்று போன்ற ஆதாரம் இணைத்து நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வர முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிஜமாகவே நிறுத்த வேண்டும் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி, அதன் சான்றிட்ட நகலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஃபேக்ஸ் தாளையே ஆதாரமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மெஷின்களில் வந்தது சூட்டில் எழுத்துப் பதியும் வழவழத் தாள். அந்த நாங்குநேரி அண்ணாச்சி தம்பியின் ஃபேக்ஸை டிரங்குப் பெட்டியில் மஞ்சப்பைக்குள் வைத்திருந்தார். சில வருஷம் கழித்து எடுத்து வந்தபோது கையெழுத்து இருந்த இடம் வெறும் பழுப்பு. அப்படிப்பட்ட தாள் இன்னும் வீட்டில் கிடந்தால், எழுத்து தெரியும்போதே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கையில் என்னென்ன இருக்க வேண்டும்? மூலப் பத்திரத்தின் அசல், பட்டா, தகப்பனாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சமீபத்தில் எடுத்த வில்லங்கச் சான்று, எல்லாருடைய அடையாள அட்டையும், அட்ஜுடிகேஷன் ஆன பவரின் அசல், இரண்டு சாட்சிகள். பத்திரம் பதிவான பிறகும் பட்டா தகப்பனார் பெயரிலேயே கிடக்கிறதா என்று தமிழ்நிலம் தளத்தில் பாருங்கள். மாறியிருக்காவிட்டால் பதிவான பத்திரத்தோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு போடுங்கள். 40 செண்டும் ஒரே ஆளுக்கு வருவதால் நிலத்தை அளந்து உட்பிரிவு செய்யும் வேலை இதில் வராது.