பூச்சி அல்ல, வழு

சமூக மன்றத்துக் கணினி வகுப்பில் போன வாரமும் காதில் விழுந்தது: "உங்க மென்பொருள்ல பூச்சி இருக்கலாம்." முன்வரிசைப் பாட்டி ஒருவர், "பாச்சா உருண்டை போடலாமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. சொன்னதைத்தானே அவர் புரிந்துகொண்டார்?

கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பான நிரலில் உள்ள கோளாறை ஆங்கிலத்தில் 'பக்' (bug) என்பார்கள்; நேர்ப்பொருள் பூச்சி. பழைய சொல். கருவிகளில் தலைகாட்டும் சிறு கோளாறுகளை எடிசன் 1878இலேயே ஒரு கடிதத்தில் அப்படிக் குறிப்பிட்டிருக்கிறார். 1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலே என்ற மின்சுவிட்சில் ஒரு விட்டில் சிக்கியபோது, அதைக் குறிப்பேட்டில் ஒட்டி, நிஜமாகவே பூச்சி கிடைத்த முதல் தடவை என்று எழுதிவைத்தார்கள். புழக்கத்தில் இருந்த சொல்லை வைத்து அடித்த கேலி அது. அதைப் பிறப்புக் கதையாக நம்பி, 'பூச்சிதானே சரி' என்பவர்களோடு வாதாடி அலுத்துவிட்டது.

நமக்குப் பூச்சி என்றால் வெளியிலிருந்து வருவது. மருந்தடித்தால் போவது. கணினியில் பூச்சி என்றதும் வைரஸ் என்று எடுத்துக்கொண்டு தடுப்பு மென்பொருளுக்குக் காசு கட்டுகிறார்கள். எழுதும்போதே சறுக்கிய நிரலை அது எப்படித் திருத்தும்?

'பிழை' போதாதா என்பார்கள். திரையில் வரும் அறிவிப்புக்கு அது இருக்கட்டும். பக்கத்து வீட்டு அங்கிள் வீட்டுச் செலவுக் கணக்கை ஒரு மென்பொருளில் எழுதுகிறார். 12/5 என்று அடித்தால் வாங்கிக்கொள்ளும். 13/5 என்றால் 'பிழையான தேதி' என்று துப்பிவிடும். இரண்டு முறை அழித்து மறுபடி நிறுவியும் அதே கதை. "நான் சரியாத்தானே அடிக்கிறேன் தம்பி, பிழைங்குதே!" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். நிரல் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எதிர்பார்த்தது. 13ஆம் மாதத்துக்கு எங்கே போகும்? ஏற்றுக்கொண்டதாவது ஒழுங்கா என்று பார்த்தால், மே 12இல் வாங்கிய அரிசி டிசம்பர் 5இல் உட்கார்ந்திருந்தது! பிழை என்று காட்டிய இடத்தைவிட, காட்டாத இடத்தில்தான் கோளாறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை அவருக்கு எப்படி விளக்குவது?

இருக்கிறதே, 'வழு'. வழுவு, வழுக்கு எல்லாம் ஒரே குடும்பம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் மயங்கினால் வழு என்கிறது நன்னூல். அங்கிளுடையது அசல் கால வழு. பண்டிதச் சொல், மக்களுக்குப் புரியாது என்று கையை விரிப்பவர்களே 'உள்ளமைவு', 'இயல்புநிலை' என்று திரை முழுக்க எழுதுகிறார்கள். வழுக்கி விழுந்தவனுக்கு வழு புரியாதா? அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடும் சோம்பலுக்கு மக்கள் மேல் பழி. கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கியவர்கள் நெடுநாளாக 'வழு' என்றே எழுதுகிறார்கள். வகுப்பெடுப்பவர்கள் கண்ணில்தான் படவில்லை.

இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பசுவைப் பார்த்து ஆசையில் 'என் அம்மை வந்தாள்' என்றால் அது வழுதான். காரணம் கருதி இலக்கணம் விட்டுவிடும். அதற்கு வழுவமைதி என்று பெயர். திருத்தம் வரும்வரை மாதத்தை எண்ணாக அடிக்காமல் 'மே' என்று எழுத்தில் அடிக்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டது. "இதுக்குப் பேரு வழுவமைதி அங்கிள்" என்றேன்.

"அமைதியா இருக்கச் சொல்றீங்களா தம்பி?" என்றார்.