ஆழம் தெரியாத நீரில் மூளை போடும் கணக்கு

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மாமியின் மகளுக்குக் கொழும்பில் கணக்காய்வுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, வீட்டில் மகிழ்ச்சியை விட மௌனமே கூடுதலாக இருந்தது. காரணம் கேட்டேன். "ரயிலுக்கும் பயமில்ல, கொழும்புக்கும் பயமில்ல மச்சான். அங்க போனா என்ன நடக்கும் எண்டு தெரியாதே, அதுதான் பயமா இரிக்கு" என்றாள்.

உளவியலாளர்கள் பல பக்கங்களில் விளக்கும் ஒரு வேறுபாட்டை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பின் கல்லடியிலும் நாவலடியிலும் கடற்கரைப் பக்கமே போகாதிருந்தவர்களின் அச்சத்துக்கு ஒரு முகம் இருந்தது. அது கண்ணால் கண்ட நீரின் நினைவு. மச்சாளின் அச்சத்துக்கு முகமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அவள் எதையும் கண்டு அரளவில்லை, இருள் மட்டுமே இருந்தது.

அந்த இருள் ஏன் இவ்வளவு வருத்துகிறது? அடுத்த கணம் என்ன வரும் என்று இடைவிடாமல் ஊகித்துக்கொண்டிருப்பது மூளையின் முக்கிய வேலைகளுள் ஒன்று. ஊகத்துக்குப் பிடிமானம் இல்லாதபோது அது உடலை எச்சரிக்கை நிலையில் நிறுத்திவைக்கிறது. இதனை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2016இல் அழகாக அளந்து காட்டினார்கள். 45 தன்னார்வலர்கள் கணினித் திரையில் தோன்றும் கற்களின் அடியில் பாம்பு இருக்குமா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்ற நிலையில் அல்ல, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்த நிலையிலேயே பதற்றம் உச்சத்தில் இருந்தது. உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முந்திய இரவை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது புதுமையாக இராது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நிச்சயமின்மை கூடிய வேளைகளில் யாருக்குப் பதற்றம் நன்றாகக் கூடியதோ, அவர்களே பாம்பு இருக்கும் கல்லை மற்றவர்களை விடச் சரியாக ஊகித்தார்கள். ஆகவே இந்த அச்சத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தெரியாததை ஒதுக்கும் இந்தப் பழக்கம் சில வேளைகளில் தர்க்கத்தையும் மீறும். டேனியல் எல்ஸ்பர்க் 1961இல் முன்வைத்த புதிரை நம் வீட்டுப் பானைகளைக் கொண்டே விளக்கலாம். ஒரு பானையில் 50 சிவப்புப் பந்துகளும் 50 கறுப்புப் பந்துகளும் உள்ளன. மற்றதிலும் 100 பந்துகள்தான், ஆனால் எந்த நிறம் எத்தனை என்று தெரியாது. சிவப்பு எடுத்தால் பரிசு என்றால் பெரும்பாலானோர் முதற்பானைக்குள் கையை விடுவார்கள். கறுப்புக்குப் பரிசு என்றாலும் அதற்குள்ளேயே கையை விடுவார்கள். இரண்டாம் பானையில் சிவப்பு குறைவு என்று எண்ணியிருந்தால் கறுப்பு கூடுதலாக இருக்க வேண்டுமல்லவா? அந்தக் கணக்கைப் பெரும்பாலானோர் போடுவதில்லை. இத்தகைய தெரிவுகளைச் செய்வோரின் மூளையை 2005இல் படம் பிடித்துப் பார்த்தபோது, வாய்ப்பின் அளவே தெரியாத நிலையில், அச்சத்தோடு நெருங்கிய தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது.

இனி, இந்த அச்சம் எப்படித் தணிகிறது என்பதைப் பார்ப்போம். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முடிவில் அவன் அதைத் தடவிக் கொடுத்தான். அச்சம் அழிந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றும். பிற்கால ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன: பழைய அச்ச நினைவு அழிவதில்லை, அதன்மேல் 'இங்கே ஆபத்தில்லை' என்ற புதிய நினைவு எழுதப்படுகிறது, மூளையின் முன்பகுதி அந்தப் புதிய நினைவைக் கொண்டு அமிக்டலாவை அடக்கிவைக்கிறது. புதிய நினைவு, தான் உருவான இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொள்வது. இடம் மாறினால் பழைய அச்சம் எழுந்து வரும். ஆகவே ஒரே இடத்தில் பத்து முறை பழகுவதை விடப் பல இடங்களில் பழகுவது பலமானது.

புதிய நினைவு ஆழமாகப் பதிவது, எதிர்பார்த்ததும் நடந்ததும் முரண்படும்போதுதான். இவ்விடத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். மச்சாளை அவளது அண்ணன் இரண்டு தடவை கொழும்புக்குக் கூட்டிச்சென்று காட்டினார். பயம் அசையவில்லை. ஒன்றும் நடக்காததற்குரிய பெருமையை மூளை அண்ணனின் கணக்கில் வரவு வைத்துவிட்டது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனால் மட்டக்களப்பு வாவியில் தோணி விடுகிறவர், நீண்ட கம்பை அடிமண்ணில் ஊன்றி ஊன்றியே ஆழத்தை அறிகிறார். கரையில் நின்று அறிவதில்லை. மச்சாளின் கம்பு ஒரு நாற்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாள் என்பதை இடப்பக்கத்திலும், திரும்பி வந்த பின் நடந்ததை வலப்பக்கத்திலும் எழுதினாள். முதலில் கல்முனைச் சந்தை, பிறகு தெரியாத வங்கியொன்றில் ஒரு விசாரணை, பிறகு தனியே பஸ் ஏறி அம்பாறை நகரம். அம்பாறைக்குரிய இடப்பக்கத்தில், 'என்னுடைய சிங்களத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள்' என்று இருந்தது. வலப்பக்கத்தில், 'ஒருவர் சிரித்தார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்து காட்டினார்' என்று எழுதியிருந்தாள்.

கொழும்புக்குப் புறப்பட்ட இரவிலும் அவளுக்கு நெஞ்சு படபடத்ததாம். கொப்பியைப் பையின் மேலறையில் வைத்திருந்தாள். இடப்பக்கம் நிறைய எழுதியிருந்தது, வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.