டிரேட்: வீரர் பரிமாற்றம்

ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு 'டிரேட்' பழகிய சொல்தான். 2025 நவம்பரில் சாம்சன் சென்னைக்கும் ஜடேஜா ராஜஸ்தானுக்கும் போனது அப்படித்தான். ஆனால் இது நெடுங்காலமாகப் புழங்கும் இடம் அமெரிக்க பேஸ்பால். ஓர் அணி தன் வீரரின் ஒப்பந்தத்தை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அங்கிருந்து ஆள் வாங்கிக்கொள்வது டிரேட். அங்கே பெரும்பாலும் வீரரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

சொல்லின் வேர் பழைய வடஜெர்மன் பேச்சில் இருக்கிறது. அங்கே அதற்குத் தடம், பாதை என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்து வழக்கமான போக்கு, தொழில், வாணிபம் என்று நகர்ந்தது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வர்த்தகம்' இங்கே ஒட்டாது. 'இடமாற்றம்' என்றால் தாசில்தார் நினைவுக்கு வருவார். 'கைமாற்று' சில்லறைக் கடன். பொருளில் மிக நெருங்கி வருவது பண்டமாற்றுதான். ஆனால் ஆளைப் பண்டம் என்பதா? பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட் 1969இல் தன்னை டிரேட் செய்ததை எதிர்த்து எழுதிய கடிதத்தின் சாரமே, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் சொத்து இல்லை என்பதுதான். ஆகவே 'வீரர் பரிமாற்றம்' என்பதே என் தேர்வு.

ஒரு குறை: பரிமாற்றம் என்றால் இரண்டு தரப்புதான் தெரிகிறது. பேஸ்பாலில் மூன்றாவதாக ஊர் வாயும் உண்டு. நிர்வாகங்கள் அதற்குக் கௌரவமாக 'மக்கள் தொடர்பு' என்று பேர் வைத்திருக்கின்றன.

ஃபிராங்க் லேன் என்றொரு மேலாளர். ஆள் மாற்றுவதில் அப்படியொரு வெறி. பட்டப்பெயரே 'டிரேடர்' லேன். 1956இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருந்தபோது, ஊரே கொண்டாடிய ஸ்டான் மியூசியலைக் கொடுத்து பிலடெல்பியாவின் ராபின் ராபர்ட்ஸை வாங்கப் பார்த்தார். விஷயம் கசிந்தது, முதலாளி கஸ்ஸி புஷ் தடுத்துவிட்டார். புஷ் பீர் கம்பெனிக்காரர். மைதானத்தில் கத்துகிற அதே ஜனம்தானே அவர் பீரையும் வாங்க வேண்டும்! அப்புறம் லேன் கிளீவ்லாந்து போனார். அங்கே தடுக்க ஆளில்லை. 1960இல் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ராக்கி கொலவிட்டோவை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்தார். அணியின் பிற்காலத் தோல்விகளுக்கெல்லாம் ஊர் 'கொலவிட்டோ சாபம்' என்று பேர் வைத்துவிட்டது.

ஊர் வாயைத் தன் பக்கம் திருப்பப் பார்த்து நிர்வாகம் சுட்டுக்கொண்டதும் உண்டு. 1977இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் தலைவர் டொனால்ட் கிராண்டுக்கும் பந்துவீச்சாளர் டாம் சீவருக்கும் சம்பளத் தகராறு. நிர்வாகத்தின் பக்கம் நின்று எழுதிவந்த பத்தியாளர் டிக் யங், சீவரின் மனைவியையும் சண்டைக்குள் இழுத்தார். சமரசம் கைகூடும் நேரம்; சீவர் பொறுக்காமல், வெளியே அனுப்புங்கள் என்றார். ஜூன் 15 அன்று நான்கு பேருக்கு மாற்றாக சின்சினாட்டி போனார். ரசிகர்கள் மைதானத்துக்கு வருவது குறைந்தது. மெட்ஸின் ஷே மைதானத்துக்கு 'கிராண்டின் கல்லறை' என்று பெயர் விழுந்தது. கிராண்ட் 1978இல் பதவி இழந்தார். 1982 டிசம்பரில் மெட்ஸ் சீவரைத் திரும்ப வாங்கியது, அதுவும் டிரேடில்தான்.