முதல் மெட்டல் கச்சேரிக்குப் புறப்படும் முன்: ஒரு காது மருத்துவரின் குறிப்புகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மெட்டல் என்னும் அதிரடியான ராக் இசை கேட்கும் இளைஞர்கள் ஒரு பெரிய கச்சேரியை நேரில் பார்க்க வேண்டுமென்றால், பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால், 2007இல் அயர்ன் மெய்டன் இசைக்குழுவும் 2011இல் மெட்டாலிகா இசைக்குழுவும் அங்குள்ள அரண்மனை மைதானத்தில் வாசித்ததைப் பற்றி இங்கேயும் பேச்சு உண்டு. முதன்முறை போகும் பிள்ளைகளின் பெற்றோர் மேடைக்கு முன்னால் நடக்கும் மோதலை நினைத்துப் பயப்படுகிறார்கள். எனக்கோ ஸ்பீக்கர்களை நினைத்துத்தான் பயம்.

மோதலை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு சுற்றும் அந்த வட்டத்துக்கு மோஷ் பிட் என்று பெயர். பார்க்க அடிதடி போல இருந்தாலும் அதற்குக் கறாரான ஒழுங்கு உண்டு: விழுந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்த வேண்டும், முழங்கையாலோ முட்டியாலோ தாக்கக் கூடாது, விருப்பமில்லாதவரை உள்ளே இழுக்கக் கூடாது, நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்களைத் தொடுவது குற்றமேயன்றி விளையாட்டல்ல. முள் வைத்த கைப்பட்டை அணிந்துகொண்டு அதற்குள் போகாதீர்கள். செருப்புக்குப் பதில் ஷூ போட்டு நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். முதல் முறை ஓரத்தில் நின்று பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. நெரிசலில் மூச்சு முட்டினால் இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், பக்கவாட்டில் சாய்வாக நகர்ந்து வெளியேறுங்கள்.

இனி காது. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம்வரை கேட்கலாம் என்பது அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனம் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதால், 100 டெசிபலில் அது வெறும் 15 நிமிடமாகிவிடுகிறது. மெட்டல் கச்சேரிகளில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம், அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. உட்செவியில் ஒலியை உணரும் முடியணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் முன்னால் நிற்காமல், ஒலிக்கலவைக்காரர் அமர்ந்திருக்கும் மேசைப் பக்கம் நில்லுங்கள். பாட்டும் பெரும்பாலும் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். பஞ்சை உருட்டி வைப்பது பயன் தராது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரை இயர் பிளக்கை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சி போல உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தபடி உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் போடாததுபோலத்தான். நுரையில் கிட்டார் மங்கலாகக் கேட்கிறது என்று குறைப்படுபவர்கள், இசைக்கென்றே செய்யப்படும் இயர் பிளக்கை வாங்கலாம்.

தலையை வேகமாக ஆட்டும் ஹெட்பேங்கிங்கில் கழுத்துத் தசை பிடித்துக்கொள்வது சகஜம். ஆனால் பின்னர் தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி வந்தாலோ தாமதிக்கக் கூடாது. ஹெட்பேங்கிங் செய்த ஒருவருக்கு மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்த நிகழ்வு 2014இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இரவு கச்சேரியில் அடிவாங்கிய காதோடு காலை ஷிப்டுக்குப் பிரஸ் மெஷின் முன்னால் போய் நிற்பவர்களின் காதுக்குத் தேறிக்கொள்ள இடைவெளியே கிடைப்பதில்லை. முடிந்தால் மறுநாள் விடுப்பு எடுங்கள், முடியாவிட்டால் தொழிற்சாலை தரும் காதுறையையாவது கழற்றாதீர்கள். அடைத்த காதோடு லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பைக் ஓட்டித் திரும்புவதைவிட பஸ் மேல்.

காதில் இரையும் ‘கொய்’ என்ற ஓசை வழக்கமாக ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டாலோ, திடீரென ஒரு காது மட்டும் மந்தமானாலோ உடனே மருத்துவரிடம் வாருங்கள், ஏனெனில் திடீர்ச் செவித்திறன் இழப்புக்குத் தரப்படும் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தர வாய்ப்பு உண்டு. அதற்குள் வீட்டில் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அதைத் துடைத்தெடுத்த பிறகுதான் எங்களால் செவிப்பறையையே பார்க்க முடியும்.