பைனஸ் பலகையில் ஓடும் நீலக்கோடு

காத்தான்குடியில் தளவாடப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், இறக்குமதிப் பொருட்களோடு வந்த பைனஸ் பலட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டை) உடைத்துப் பலகை எடுத்தபோது, சீவுளிக்கும் போகாத நீலச் சாம்பல் கோடுகள் அதில் ஓடியிருந்ததாக எழுதி, அது மருந்தா, நோயா என்று கேட்டிருந்தார். அது பங்கசு. பலகையின் வலுவை அது பெரிதாகக் குறைப்பதில்லை. பூச்சிகளைக் கொல்வதற்காகப் பலட்டை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கினாலும் கறை அப்படியே நிற்கும்.

இப்பங்கசுகள் பலவற்றை மரத்துக்கு மரம் சுமப்பவை பட்டை வண்டுகள். வண்டு குடைந்த சுரங்கத்தினுள் பங்கசு நீண்ட கழுத்துடைய நுண்குடுவைகளை வளர்த்து, ஒவ்வொரு கழுத்தின் நுனியிலும் வித்திகள் நிறைந்த பசைத்துளி ஒன்றை ஏந்தி நிற்கிறது. உரசிச் செல்லும் வண்டின் உடலில் துளி ஒட்டிக்கொள்கிறது. அத்துளி நீரில் எளிதில் கலையாது, பைனஸ் பிசினிலோ கலைந்து பரவும். மழையில் கழுவுப்படாமல், சேர வேண்டிய மரத்தில் மட்டும் அவிழும் பொதி அது!

இத்துளிகள் அநேகமாக ஒன்றுபோலவே இருப்பதால், புதிய இனத்தைப் பிரித்தறிய நுணுக்குக்காட்டி மட்டும் போதாது. முதலில், பிற பூஞ்சணங்களை அடக்கும் சைக்ளோஹெக்சிமைட் கலந்த ஊடகத்தில் வளர்க்கிறார்கள். இக்கூட்டத்துப் பங்கசுகள் பல அதைத் தாங்கும். பின்னர் டி.என்.ஏ. வாசிப்பு. பங்கசுகளின் பொது அடையாளமாக 2012இல் முன்மொழியப்பட்ட, ஐ.டி.எஸ். என்னும் டி.என்.ஏ. பகுதி, இங்கு நெருங்கிய இனங்களைப் பிரிக்கப் பல வேளைகளில் தவறுகிறது. மட்டக்களப்பில் ஒருவரிடம் குடி (தாய்வழிக் குலம்) எதுவெனக் கேட்டால் தாய்வழி மட்டுமே தெரியவரும், மற்ற வழிகள் மறைந்தே நிற்கும். ஒற்றைப் பரம்பரையலகும் ஒரு வழியை மட்டுமே சொல்லும். ஆகவே பீட்டா டியூபுலின் போன்ற வேறு பரம்பரையலகுகளையும் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வம்சமரம் வரைகிறார்கள். தமக்குள் கலந்து இனம்பெருக்கும் கூட்டத்தில் அம்மரங்கள் முரண்படும். எல்லா மரங்களும் ஒரே இடத்தில் கிளை பிரிந்தால் அதுவே இன எல்லை.

இலங்கைத் தேயிலையைத் துளைக்கும் வண்டு சுமக்கும் பங்கசு 1947இலேயே விவரிக்கப்பட்டது. இவ்வாறு பங்கசு இனங்களைப் பிரித்துப் பெயரிடும் வேலைக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்போர் அதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வண்டும் பங்கசும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா ஓர் உதாரணம். வட அமெரிக்காவில் பெரும்பாலும் நலிந்த மரங்களை நாடிய ஒரு பட்டை வண்டு, 1998இல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் அறியப்பட்டு, பின்னர் 60 இலட்சத்துக்கும் அதிகமான பைனஸ் மரங்களை அழித்தது. அது சுமந்த லெப்டோகிராபியம் புரோசெரம் என்னும் பங்கசின் சீன வகைகள், மரத்தை 3-கேரீன் என்னும் வாசனைப் பொருளை மிகுதியாக வெளியிடத் தூண்டுகின்றன. அவ்வாசனையே மேலும் வண்டுகளை அழைத்துவருகிறது.